சில்லு ஹைதராபாதில், மூலப்பொருள் சீனாவில்: "காலியம்' உணர்த்தும் பாடம்

புது தில்லி: உள்ளங்கையில் வைத்தால் உருகிவிடும் ஓர் உலோகம், இந்தியாவின் தற்சார்புக் கொள்கையின் முன் கடினமான கேள்வி ஒன்றை வைத்துள்ளது. போர் விமான ரேடார்களுக்கும் செயற்கைக்கோள்களுக்கும் தேவையான உயர்திறன் சில்லுகளை ஹைதராபாதில் தயாரிக்கும் தொழில்நுட்பத்தை இந்திய விஞ்ஞானிகள் கைவரப் பெற்றுள்ளனர். ஆனால், அந்தச் சில்லுகளுக்கு ஆதாரமான காலியம் உலோகத்தின் உலக உற்பத்தியில் 98 சதவீதத்துக்கும் மேல் சீனாவின் கையில் உள்ளது.

இத்தனைக்கும் காலியம் இந்தியாவில் இல்லாத பொருள் அல்ல. அலுமினியம் தயாரிக்கப் பயன்படும் பாக்சைட் தாதுவில் அது சிறிதளவு கலந்தே இருக்கிறது. ஒடிசா, உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் உள்ள இரண்டு அலுமினா ஆலைகளில் முன்பு அது பிரித்தெடுக்கவும் பட்டது. அந்த முயற்சி தொடரப்படாமல் போனதற்கான விலையைத்தான் நாடு இப்போது எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

கணித்துக் கண்டறியப்பட்ட உலோகம்: தனிமங்களின் அட்டவணையை வகுத்த ரஷிய அறிஞர் மெண்டலீவ், அலுமினியத்துக்குக் கீழே ஓர் இடத்தை 1871-ல் காலியாக விட்டு, அங்கே வர வேண்டிய தனிமத்தின் பண்புகளையும் முன்கூட்டியே எழுதி வைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1875-ல், பிரான்ஸ் நாட்டின் வேதியியல் அறிஞர் லெகோக் டி புவாபோத்ரான் அதைக் கண்டுபிடித்தார். தன் நாட்டின் பழைய லத்தீன் பெயரான "காலியா'வை ஒட்டி அதற்குக் காலியம் எனப் பெயர் சூட்டினார்.

அவர் முதலில் அளந்த அடர்த்தி 4.7 என்று இருந்தது. மெண்டலீவின் கணிப்போ ஏறத்தாழ 5.9. உலோகத்தை மேலும் தூய்மைப்படுத்தி மீண்டும் அளந்து பார்க்குமாறு மெண்டலீவ் வற்புறுத்தினார். அவ்வாறே அளந்தபோது, கணிப்பே சரி என்பது தெரிய வந்தது. பொருளைக் கண்ணால் பார்க்காதவரின் கணக்கு, கையில் வைத்திருந்தவரின் அளவீட்டைத் திருத்திய நிகழ்ச்சியாக அறிவியல் வரலாற்றில் இது இடம்பெற்றுள்ளது.

காலியத்தின் உருகுநிலை 29.76 டிகிரி செல்சியஸ். ஹைதராபாதின் கோடையில் திறந்த அறையில் வைத்தால் அது திரவமாகவே இருக்கும். அதே வேளையில் 2,200 டிகிரியைத் தாண்டினால்தான் அது கொதிக்கத் தொடங்கும். இவ்வளவு பெரிய வெப்ப இடைவெளியில் திரவமாக நீடிக்கும் உலோகங்கள் மிகச் சில. தண்ணீரைப் போல, உறையும்போது அதன் பருமன் கூடுகிறது. அலுமினியத்தின் மீது பட்டால், அதன் படிகங்களுக்கு இடையே ஊடுருவி அதை நொறுங்கும்படி செய்துவிடும். விமானங்களில் காலியத்தை எடுத்துச் செல்லக் கடும் கட்டுப்பாடுகள் இருப்பதற்கு இதுவே காரணம்.

வீட்டு விளக்கு முதல் ரேடார் வரை: தனி உலோகமாகக் காலியத்துக்கு உள்ள பயன்கள் குறைவு. ஆர்சனிக், நைட்ரஜன் ஆகியவற்றுடன் சேர்ந்து அது உருவாக்கும் சேர்மங்களே முக்கியமானவை. காலியம் ஆர்சனைடு, சிலிக்கானைவிட விரைவாக எலக்ட்ரான்களைக் கடத்துகிறது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தயாராகும் செல்போன்களில், சமிக்ஞையைப் பெருக்கிக் கோபுரத்துக்கு அனுப்பும் சில்லுகள் பெரும்பாலும் இதனால் ஆனவையே. செயற்கைக்கோள்களின் சூரிய மின்தகடுகளிலும் இது பயன்படுகிறது.

காலியம் நைட்ரைடு இன்னும் உறுதியானது. உயர் மின்னழுத்தத்தையும் வெப்பத்தையும் தாங்கக் கூடியது. நீல ஒளி உமிழும் டையோடு இதனால்தான் சாத்தியமாயிற்று. அதற்காக ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-ம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. மத்திய அரசு 2015 ஜனவரியில் தொடங்கிய "உஜாலா' திட்டத்தின் கீழ் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் வழங்கப்பட்டன. அவற்றின் வெண்ணிற ஒளிக்கு மூலம், உள்ளே இருக்கும் காலியம் நைட்ரைடு சில்லு உமிழும் நீல ஒளியே. அந்த வகையில், பெயர் தெரியாமலேயே இந்த உலோகம் நாட்டின் கடைக்கோடி வீடு வரை சென்று சேர்ந்துவிட்டது.

ராணுவத்தைப் பொறுத்தவரை இதன் முக்கியத்துவம் வேறு வகையானது. நவீன ரேடார்களில் ஒரே ஒரு பெரிய ஆண்டெனா சுழல்வதில்லை. நூற்றுக்கணக்கான சிறு அலகுகள், ஒவ்வொன்றும் தனித்தனியே அலைகளை அனுப்பி, திரும்பி வருபவற்றைப் பெற்றுக் கொள்கின்றன. ஒவ்வோர் அலகிலும் காலியம் சேர்மத்தால் ஆன சில்லு உண்டு. காலியம் ஆர்சனைடுக்குப் பதிலாகக் காலியம் நைட்ரைடைப் பயன்படுத்தினால், அதே அளவுள்ள அலகிலிருந்து பல மடங்கு ஆற்றலைப் பெற முடியும். எதிரி விமானத்தை எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் கண்டுகொள்வது என்பதை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

ஹைதராபாதின் பங்கு: ராணுவ மின்னணு ஆய்வகம், ராணுவ உலோகவியல் ஆய்வகம், அணு எரிபொருள் வளாகம் எனப் பல நிறுவனங்கள் ஒரே நகரில் அமைந்ததால், அரிய உலோகங்கள் தொடர்பான ஆய்வுக்கு ஹைதராபாத் நீண்ட காலமாகவே மையமாக இருந்து வருகிறது. இந்த வரிசையில் வந்ததுதான் "கேடெக்' எனப்படும் காலியம் ஆர்சனைடு தொழில்நுட்ப மையம். டி.ஆர்.டி.ஓ. எனப்படும் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தின் ஆதரவில் உருவான இந்த மையம், பாதுகாப்பு, விண்வெளித் துறைகளுக்குக் காலியம் ஆர்சனைடு சில்லுகளைத் தயாரித்து வழங்கி வந்துள்ளது.

இந்த மையத்தின் தேவையை உணர்த்தியது அனுபவம்தான். 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதனை நடத்தப்பட்ட பிறகு, இந்தியாவின் பல ஆய்வு நிறுவனங்களை அமெரிக்கா ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. டி.ஆர்.டி.ஓ.வின் கிளை நிறுவனங்கள் பலவும் அப்பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட 2011 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நுண்ணலைச் சில்லுகள் போன்ற பொருள்களை, பணம் இருந்தாலும் சந்தையில் வாங்கிவிட முடியாது என்பதை அந்த ஆண்டுகள் கற்பித்தன.

அதன் பலன் 2024 நவம்பரில் வெளிப்பட்டது. தில்லியில் உள்ள திடநிலை இயற்பியல் ஆய்வகம், 4 அங்குல விட்டமுள்ள சிலிக்கான் கார்பைடு தகடுகளை உள்நாட்டிலேயே வளர்க்கும் முறையையும், அவற்றின் மீது 150 வாட் வரை ஆற்றல் தரும் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்களையும், 40 வாட் வரையிலான நுண்ணலைச் சில்லுகளையும் உருவாக்கும் முறையையும் கண்டறிந்துவிட்டதாக டி.ஆர்.டி.ஓ. அறிவித்தது. இச்சில்லுகளைக் குறைந்த எண்ணிக்கையில் உற்பத்தி செய்யும் வசதி ஹைதராபாத் கேடெக் மையத்தில் நிறுவப்பட்டுவிட்டதாகவும் அந்த அறிவிப்பு தெரிவித்தது. உலகில் வெகு சில நாடுகளே பெற்றுள்ள திறன் இது.

ஆக, வடிவமைப்பும் உற்பத்தி நுட்பமும் கைவசம் உள்ளன. எஞ்சி நிற்கும் கேள்வி மூலப்பொருள் பற்றியது.

சீனாவின் பிடி: காலியத்துக்கென்று தனிச் சுரங்கம் உலகில் எங்கும் வணிக அளவில் இல்லை. பாக்சைட்டிலிருந்து அலுமினா எடுக்கும்போதும், சிறிதளவு துத்தநாகத் தாதுவைப் பதப்படுத்தும்போதும், கிளைப்பொருளாக மட்டுமே அது கிடைக்கிறது. உலகின் அலுமினிய உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 7 கோடி டன். புதிதாகப் பிரித்தெடுக்கப்படும் காலியமோ ஆயிரம் டன்னைக்கூட எட்டுவதில்லை.

சீனா இத்துறையில் முதலிடம் பெற்றது தற்செயலாக அல்ல. அங்குள்ள அலுமினா ஆலைகள் பெருமளவில் விரிவடைந்தபோது, காலியத்தைப் பிரிக்கும் பிரிவுகளும் அவற்றுடன் சேர்ந்தே அமைக்கப்பட்டன. தேவையைவிட அதிகமாகச் சரக்கு சந்தைக்கு வந்து விலை சரிந்தது. கட்டுப்படியாகாத நிலையில் கஜகஸ்தான் 2013-லும், ஹங்கேரி 2015-லும், ஜெர்மனி 2016-லும் உற்பத்தியைக் கைவிட்டன. போட்டியாளர்கள் வெளியேறிய பிறகு, சந்தையில் ஏறத்தாழ ஒரே விற்பனையாளர்தான் எஞ்சினார்.

அந்த ஆதிக்கம் ஆயுதமாக மாறியது 2023-ல். மேம்பட்ட சில்லுத் தொழில்நுட்பம் சீனாவுக்குச் செல்வதை அமெரிக்கா தடுத்ததைத் தொடர்ந்து, காலியம், ஜெர்மானியம் ஆகிய இரு உலோகங்களை ஏற்றுமதி செய்ய முன்அனுமதி தேவை என்று 2023 ஜூலையில் சீனா அறிவித்தது. ஆகஸ்ட் 1 முதல் அந்த ஆணை நடைமுறைக்கு வந்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கான ஏற்றுமதிக்கு முழுத் தடையே விதிக்கப்பட்டது. இரு நாடுகளுக்கும் இடையே வர்த்தகப் பேச்சில் இணக்கம் ஏற்பட்ட பிறகு, 2025 நவம்பரில் அத்தடையை 2026 நவம்பர் 27 வரை நிறுத்தி வைப்பதாகச் சீனா அறிவித்தது.

இங்கு கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தடை நிறுத்தி வைக்கப்பட்டதே தவிர, கைவிடப்படவில்லை. முன்அனுமதி பெற வேண்டும் என்ற 2023-ம் ஆண்டு விதியோ, அமெரிக்காவுக்கு மட்டுமன்றி அனைத்து நாடுகளுக்கும் பொருந்தும் வகையில் கொண்டுவரப்பட்டது. விண்ணப்பத்தில், பொருளை யார், எதற்காகப் பயன்படுத்தப் போகிறார் என்பதைத் தெரிவிக்க வேண்டும். 2020-ல் கிழக்கு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்த மோதலுக்குப் பின், எல்லையைக் கண்காணிக்கும் ரேடாருக்கு வேண்டிய மூலப்பொருளை அதே அண்டை நாட்டின் அனுமதியை எதிர்பார்த்துப் பெறுவது எத்தகைய நிலை என்பதை விளக்கத் தேவையில்லை.

மற்ற நாடுகள் விழித்துக்கொண்டன. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் உள்ள ஆலையின் கரைசலிலிருந்து காலியத்தைப் பிரிக்கும் முயற்சியில் ரியோ டின்டோ நிறுவனம் இறங்கியுள்ளது. கிரீஸ் நாட்டின் மெட்லென் நிறுவனம், ஆண்டுக்கு 50 டன் காலியம் எடுக்கும் திட்டத்தை 2025 ஜனவரியில் அறிவித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அல்கோவா நிறுவனத்தின் அலுமினா ஆலையுடன் இணைந்த காலியம் திட்டத்துக்கு அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளும் ஆதரவு அளிப்பது 2025 அக்டோபரில் உறுதியானது. இந்தத் திட்டங்கள் அனைத்திலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எவரும் புதிய சுரங்கம் தோண்டவில்லை. ஏற்கெனவே இயங்கும் ஆலையின் குழாயில் ஓடுவதைப் பிரித்தெடுக்கவே முற்படுகின்றனர்.

கரைசலில் கரையும் செல்வம்: பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் வேகவைத்து அலுமினாவைப் பிரிப்பதே "பேயர் முறை'. அப்போது தாதுவில் உள்ள காலியத்தின் பெரும்பகுதியும் கரைசலில் கரைகிறது. அதே கரைசலே திரும்பத் திரும்பப் பயன்படுத்தப்படுவதால், சுற்றுக்குச் சுற்று காலியத்தின் செறிவு கூடுகிறது. எஞ்சியது செந்நிறக் கழிவுச் சேற்றுடன் போய்விடுகிறது. கரைசலின் ஒரு பகுதியைச் சிறப்பு வகைப் பிசின் நிரப்பிய கலத்தின் வழியே செலுத்தினால், காலியம் அதில் ஒட்டிக்கொள்ளும். கரைசல் மீண்டும் ஆலைக்கே திரும்பிவிடும். அலுமினா உற்பத்திக்கு இதனால் இழப்பு இல்லை.

பாக்சைட்டில் உள்ள காலியத்தின் உலகச் சராசரி, டன்னுக்கு ஏறத்தாழ 50 கிராம். பொதுத்துறை நிறுவனமான நால்கோவின் தாமன்ஜோடி ஆலை, ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல் அலுமினா தயாரிக்கும் திறன் கொண்டது. ஒரு டன் அலுமினாவுக்கு ஏறத்தாழ மூன்று டன் பாக்சைட் தேவை எனக் கொண்டால், 60 லட்சம் டன் தாதுவில் சுமார் 300 டன் காலியம் அடங்கியிருக்கும். இது சராசரியைக் கொண்டு போடும் கணக்குதான்; தாதுவுக்குத் தாது இது மாறும். முழுவதையும் பிரித்தெடுப்பதும் இயலாது. என்றாலும், பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்தால்கூட 30 டன் கிடைக்கும். உலகமே ஆயிரம் டன்னுக்குக் குறைவாக உற்பத்தி செய்யும் பொருளில் இது சிறிய அளவல்ல.

உத்தரப் பிரதேச மாநிலம் ரேணுகூட்டில் உள்ள ஹிண்டால்கோ ஆலையிலும், தாமன்ஜோடியிலும் கடந்த காலத்தில் காலியம் எடுக்கப்பட்டதாக, முக்கிய கனிமங்கள் குறித்து மத்திய சுரங்கத் துறை 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கையே தெரிவிக்கிறது. நாட்டுக்கு இன்றியமையாதவை என அந்த அறிக்கை பட்டியலிட்ட 30 கனிமங்களில் காலியமும் ஒன்று.

தமிழகத்துக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் ரூ. 15 லட்சம் நன்கொடையிலும் உருவாகி, 1953-ல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், பேயர் கரைசலிலிருந்து மின்பகுப்பு மூலம் காலியத்தைப் பிரிக்கும் ஆய்வுகள் நடைபெற்றுள்ளன. ஏற்காடு, கொல்லிமலைப் பகுதிகளின் பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் இயங்கிய மால்கோ அலுமினிய ஆலை, 2008-ல் உற்பத்தியை நிறுத்திக் கொண்டது. ஆய்வு ஓரிடத்திலும் ஆலை ஓரிடத்திலுமாக இருந்து, இரண்டையும் நீண்ட காலத்துக்கு இணைத்து வைக்கும் கொள்கை இல்லாமல் போனதன் அடையாளங்களாக இவற்றைக் கருதலாம்.

நிறுவனங்கள் தயங்குவது ஏன்?: காரணம் எளிய கணக்குதான். ஒரு கிலோ காலியத்தின் விலை 500 டாலர் என்று வைத்துக் கொண்டாலும், ஆண்டுக்கு 10 டன் எடுக்கும் ஆலைக்குக் கிடைக்கும் மொத்த வருமானம் 50 லட்சம் டாலர். அதாவது நாற்பது கோடி ரூபாயைச் சற்றுத் தாண்டும் தொகை. ஆண்டு விற்பனை ரூ. 10,000 கோடியைக் கடந்த நிறுவனத்துக்கு இது பொருட்டே அல்ல. மேலும், சீனா மீண்டும் தாராளமாக விற்கத் தொடங்கினால் விலை ஒரே ஆண்டில் சரிந்துவிடும். ஜெர்மனிக்கும் கஜகஸ்தானுக்கும் நேர்ந்ததே இங்கும் நேரும். வணிகக் கண்ணோட்டத்தில் பார்த்தால், அலுமினிய நிறுவனங்கள் காட்டும் தயக்கத்தைக் குறை கூற இயலாது.

ஆனால், காலியத்தின் மதிப்பை அதன் விற்பனை விலையில் அளவிட முடியாது. உணவில் உப்பின் செலவு மிகச் சிறியது. அது இல்லாவிட்டால் சமைத்த அனைத்தும் வீண். நூற்றுக்கணக்கான கோடி ரூபாய் மதிப்புள்ள போர் விமானத்தின் பார்வையே, சில கிராம் காலியத்தைச் சார்ந்துள்ளது. இழப்பு நேர்ந்தால் அதைச் சுமக்கப்போவது அலுமினிய நிறுவனம் அல்ல, நாடு. எனவே, முதலீட்டுச் சுமையை ஏற்க வேண்டியதும் நாடே என்ற வாதம் வலுப்பெறுகிறது.

சட்டமும் திட்டமும்: மத்திய அரசு செயலற்று இருந்துவிடவில்லை. சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டு, காலியம் கொண்ட கனிமங்கள் உள்பட 24 முக்கிய கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் மத்திய அரசுக்கு அளிக்கப்பட்டது. 2024 ஜூலையில் தாக்கலான பட்ஜெட்டில், காலியம் உள்பட 25 கனிமங்களுக்குச் சுங்க வரி முழுமையாக நீக்கப்பட்டது. 2025 ஜனவரி 29-ம் தேதி, ரூ. 16,300 கோடி மதிப்பிலான தேசிய முக்கிய கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பொதுத்துறை நிறுவனங்கள் மேலும் ரூ. 18,000 கோடி முதலீடு செய்யும் என எதிர்பார்க்கப்படுகிறது. கழிவுகளிலிருந்து முக்கிய கனிமங்களை மீட்கும் தொழிலுக்கு ரூ. 1,500 கோடி ஊக்கத்தொகைத் திட்டமும் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது.

எனினும், இவற்றில் பல நடவடிக்கைகள் லித்தியம், கோபால்ட் போன்ற சுரங்கக் கனிமங்களை மனத்தில் கொண்டு வகுக்கப்பட்டவை. ஏலம் விடுவதால் காலியம் கிடைத்துவிடாது. அது சுரங்க வாயிலில் கிடைக்கும் பொருள் அல்ல. ஆலையின் குழாயில் கிடைக்கும் பொருள். சுங்க வரியை நீக்குவது, வாங்குபவருக்கு உதவும். விற்பவர் மறுத்தால் அதனால் பயன் இல்லை. கனிம இயக்கத்தின் கீழ், சாம்பல், செந்நிறச் சேறு போன்ற கழிவுகளிலிருந்து கனிமங்களை மீட்கும் முன்னோட்டத் திட்டங்களுக்கு ரூ. 100 கோடி ஒதுக்கப்பட்டுள்ளதே காலியத்துக்கு நேரடியாகப் பொருந்தும் அம்சமாகும்.

விடுபட்ட கண்ணி: காலியத்தைப் பிரித்தெடுப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதையும் மறந்துவிடலாகாது. ஆலையிலிருந்து வெளிவரும் காலியத்தின் தூய்மை 99.99 சதவீதம் அளவிலேயே இருக்கும். சில்லுத் தயாரிப்புக்கு இது போதாது. 99.9999 சதவீதமோ அதற்கு மேலோ தேவை. அவ்வாறு தூய்மைப்படுத்தியதை, காலியம் ஆர்சனைடு என்றால் படிகமாக வளர்த்துத் தகடுகளாக அறுக்க வேண்டும். காலியம் நைட்ரைடு என்றால், டிரைமீத்தைல் காலியம் என்ற ஆவியாகும் சேர்மமாக மாற்ற வேண்டும். உலகச் சந்தையில் காலியம் ஆர்சனைடு தகடுகளை வழங்குபவை, ஜெர்மனியின் ஃபிரைபெர்கர், ஜப்பானின் சுமிடோமோ போன்ற விரல்விட்டு எண்ணத்தக்க நிறுவனங்களே.

இந்த இடைநிலைப் பணிகளுக்கான வசதி உள்நாட்டில் இல்லாவிட்டால், தாமன்ஜோடியில் எடுக்கப்படும் காலியம் தூய்மைப்படுத்தப்படுவதற்காக வெளிநாடு சென்று, பன்மடங்கு விலையில் தகடாகத் திரும்பி வரும். இரும்புத்தாதுவை ஏற்றுமதி செய்துவிட்டு எஃகை இறக்குமதி செய்த பழைய கதை மீண்டும் அரங்கேறும்.

இந்தக் கண்ணியை இணைப்பதற்கும் ஹைதராபாதையே நாட வேண்டியிருக்கும். மின்னணுவியல் பொருள்களை மிகு தூய்மையாக்குவதில் அனுபவம் பெற்ற "சி-மெட்' ஆய்வகம் அங்கு உள்ளது. தேசிய முக்கிய கனிம இயக்கத்தின் கீழ் 2025-ல் அங்கீகரிக்கப்பட்ட ஒன்பது உயர் ஆய்வு மையங்களில் சி-மெட், ஹைதராபாத் ஐ.ஐ.டி., இரும்பு சாரா உலோகத் தொழில்நுட்ப மேம்பாட்டு மையம் ஆகிய மூன்றும் அந்நகரைச் சேர்ந்தவை. காலியத்தைத் தூய்மைப்படுத்தும் ஆய்வகமும், அதைச் சில்லாக மாற்றும் மையமும் ஒரே நகரில் அமைந்திருப்பது பெரும் வாய்ப்பு. ஆனால், முன்னது மின்னணு அமைச்சகத்தின் கீழும், பின்னது பாதுகாப்பு அமைச்சகத்தின் ஆதரவிலும் செயல்படுகின்றன. மூலப்பொருளோ சுரங்க அமைச்சகத்தின் பொறுப்பில் உள்ளது. மூன்று அமைச்சகங்களும் ஒரே மேசையில் அமர்ந்தால் ஒழிய, சங்கிலி முழுமை பெறாது.

இந்தத் தேவை இனிமேல் பெருகவே செய்யும். காலியம் நைட்ரைடு, சிலிக்கான் கார்பைடு ஆகியவற்றால் ஆன சில்லுகளைத் தயாரிக்கும் ஆலை ஒன்றை இந்தியாவில் அமைப்பது என்று, 2024 செப்டம்பரில் பிரதமர் மோடியும் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடனும் வெளியிட்ட கூட்டறிக்கை தெரிவித்தது. ஆலை எழும்பி, மூலப்பொருளுக்கு மட்டும் பெய்ஜிங்கின் அனுமதியை எதிர்பார்த்து நின்றால், நோக்கமே சிதைந்துவிடும்.

மலைகளைத் தொடத் தேவையில்லை: முக்கிய கனிமம் என்ற முத்திரை, வேறொரு கவலையையும் எழுப்புகிறது. நாட்டின் பாதுகாப்பு என்ற பெயரில், பழங்குடி மக்கள் வாழும் மலைகளில் புதிய பாக்சைட் சுரங்கங்களைத் திறக்க வழி ஏற்பட்டுவிடுமோ என்பதே அது. ஒடிசாவின் நியமகிரி மலையில் சுரங்கம் அமைப்பது குறித்து முடிவெடுக்கும் உரிமை கிராம சபைகளுக்கு உண்டு என்று 2013 ஏப்ரல் 18-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை ஒருமனதாக நிராகரித்தன. விசாகப்பட்டினம் மாவட்ட மலைப் பகுதிகளில் பாக்சைட் எடுக்க ஆந்திர அரசு 2015-ல் பிறப்பித்த ஆணை, கடும் எதிர்ப்புக்கிடையே 2019-ல் ரத்து செய்யப்பட்டது.

காலியத்தைப் பொறுத்தவரை இத்தகைய மோதலுக்கு இடமே இல்லை. தற்போது வெட்டி எடுக்கப்படும் தாதுவில் அடங்கியுள்ள காலியமே இந்தியாவின் தேவையைப் போல் பல மடங்கு உள்ளது. இருப்பதைப் பிரித்தெடுக்காமல், இல்லாததைத் தேடி மலையேற வேண்டிய அவசியம் இல்லை. இந்த உண்மையை அரசு வெளிப்படையாக அறிவிப்பது, பழங்குடி மக்களின் அச்சத்தைப் போக்கவும் உதவும்.

அரசின் முன் உள்ள வழி: முதலாவதாக, இயங்கிவரும் அலுமினா ஆலைகளில் காலியத்தைப் பிரிக்கும் பிரிவை அமைப்பதற்கான மூலதனத்தில் ஒரு பங்கை, பாதுகாப்புச் செலவாகக் கருதி மத்திய அரசே ஏற்கலாம். இரண்டாவதாக, உற்பத்தியாகும் காலியத்தைக் குறிப்பிட்ட விலைக்குப் பல ஆண்டுகளுக்கு வாங்கிக் கொள்வதாக உறுதி அளிக்கலாம். நெல்லுக்கும் கோதுமைக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை வழங்கிய நாட்டுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. சந்தை விலையைத் திட்டமிட்டுச் சரித்து உள்நாட்டு உற்பத்தியை முடக்கும் உத்தி அப்போது எடுபடாது.

மூன்றாவதாக, பெட்ரோலியத்துக்கு விசாகப்பட்டினம், மங்களூர், பாதூர் ஆகிய இடங்களில் நிலத்தடிச் சேமிப்புக் கிடங்குகள் அமைக்கப்பட்டதைப் போன்று, காலியத்துக்கும் இருப்பு வைக்கலாம். கச்சா எண்ணெய்க்கு லட்சக்கணக்கான டன் கொள்ளளவுள்ள குகைகள் வேண்டும். காலியத்துக்கு ஓர் அறை போதும். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் வைக்காதிருந்தால் சரி.

இவை எவற்றுக்கும் பெரும் தொகை தேவையில்லை. குறைகடத்தித் தொழிலை ஊக்குவிக்க 2021 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்த ரூ. 76,000 கோடியுடன் ஒப்பிட்டால், காலியத்துக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. தேவைப்படுவது பணத்தைவிடத் தொடர்ச்சியே. முன்பு தொடங்கிய உற்பத்தி, விலை கட்டுப்படியாகும்வரை நடந்து, பின்னர் மறக்கப்பட்டது. இம்முறையும் சீனா கெடுபிடியைத் தளர்த்தியதும் கோப்புகள் மூடப்படுமானால், அடுத்த நெருக்கடியின்போது இதே கேள்விகள் மீண்டும் எழும்.

ஹைதராபாத் விஞ்ஞானிகள் தங்கள் பங்கைச் செய்து முடித்துவிட்டனர். தாமன்ஜோடியில் ஓடும் கரைசலுக்கும் கேடெக் மையத்தின் சில்லுக்கும் இடையே உள்ள தொலைவு சில நூறு கிலோமீட்டர்தான். அந்தத் தொலைவைக் கடக்க, சீனாவைச் சுற்றி வர வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க வேண்டிய பொறுப்பு தில்லிக்கு உரியது.